அசல் முகங்கள்

"அந்த மூணு பேரும் அந்த உடுப்புல வந்து நின்னா, நான் கேமரா முன்னாடி வரமாட்டேன். சொன்னா சொன்னதுதான்!"

கதாநாயகியின் குரல் ஒப்பனை அறைச் சுவரைத் தாண்டி வந்தது.

வெளியே பெஞ்சில் சாம்பல் நிறக் கைதி உடுப்பில் உட்கார்ந்திருந்த தையற்காரிக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் அதே உடுப்பில் இருந்த இரண்டு தோழிகளும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மூவரும் நிஜமாகவே ஒரே சிறையில் இருந்துவிட்டு வந்தவர்கள். இப்போது ஒருத்திக்குத் தையல் கடை, ஒருத்திக்குச் சலவைக் கடை, இன்னொருத்திக்கு மகன் வீட்டுச் சமையல்கட்டு.

"பெண்கள் சிறையைப் பத்திப் படம் எடுக்கறேன். அசல் முகங்கள் வேணும். உங்களை மாதிரி ஆளுங்களுக்கு சினிமாவுல இடமே இல்ல. என் படத்துல உண்டு" என்று டைரக்டர்தான் வீடு தேடி வந்து அழைத்தார். நம்பி வந்தார்கள். வந்ததும் கையில் திணித்தது இந்த உடுப்பை.

போடும்போதே தையற்காரிக்கு உடம்பெல்லாம் கூசியது. பல்லைக் கடித்துக்கொண்டுதான் போட்டாள்.

"நம்ம பக்கத்துல நின்னா ஏதாவது ஒட்டிக்கும்னு பயம் போல. பேசாம போயிடலாம்க்கா" என்றாள் சலவைக் கடைக்காரி.

"போகத்தான் போறோம். வாயை மூடிக்கிட்டுப் போக, நாம என்ன இன்னும் உள்ளேயா இருக்கோம்?"

தையற்காரி எழுந்தாள். கதவைத் தட்டவில்லை, தள்ளினாள்.

உள்ளே கதாநாயகியின் வெளுத்த கன்னத்தில் ஒப்பனைக்காரர் கறுப்புச் சாயம் தடவிக்கொண்டிருந்தார். டைரக்டர் ஓரமாகக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"எங்களோட நிக்க மாட்டேன்னு சொன்னது நீங்கதானே?"

"ஆமா. நான்தான்."

மழுப்புவாள் என்று எதிர்பார்த்தால், இவள் கண்ணைக்கூடத் தாழ்த்தவில்லை!

"ரொம்ப நல்லதும்மா. செஞ்ச தப்புக்குத் தண்டனையை முழுசா அனுபவிச்சிட்டுத்தான் வந்திருக்கோம். உங்ககிட்ட இன்னொரு தரம் அனுபவிக்கணும்னு தலையெழுத்து இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அதிகாரியா நடிக்க வந்திருக்கறவங்க எல்லாரும் பளபளன்னு வெளுப்பா இருக்காங்க. கைதின்னா மட்டும் கறுப்பு. உங்களைக் கைதியாக்க இவ்வளவு சாயம் தேவைப்படுது. நாங்க மட்டும் பூசாமலே கைதியா?"

"அம்மா... அது வந்து... யதார்த்தம்..." என்று இழுத்தார் டைரக்டர்.

"யாரோட யதார்த்தம் சார்? எங்களை உள்ள வெச்சுப் பூட்டின ஜெயிலரம்மா என்னைவிடக் கறுப்பு!"

ஒப்பனைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். கதாநாயகி சிரிக்கவில்லை. சாயம் தடவிய கையை விலக்கிவிட்டு நேராகப் பார்த்தாள்.

"இப்பவும் அதையேதான் சொல்றேன். அந்த உடுப்போட என் பக்கத்துல நிக்காதீங்க. போய் முதல்ல கழட்டுங்க."

"கழட்டத்தான் போறேன். இனி எந்தக் கொம்பன் வந்து சொன்னாலும் போட மாட்டேன்!"

ஐந்தே நிமிடத்தில் மூவரும் சொந்தத் துணிக்கு மாறி, கேட்டை நோக்கி நடந்தார்கள்.

"படத்துல வரப்போறேன்னு மருமககிட்ட பெருமையடிச்சிட்டு வந்தேனே. இப்ப என்னத்தச் சொல்ல?" என்று மூக்கை உறிஞ்சினாள் மூன்றாமவள்.

"சொல்லு. வேண்டாம்னு நானே உதறிட்டு வந்தேன்னு சொல்லு. உண்மையும் அதுதானே?" என்றாள் தையற்காரி.

பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம். உடைப் பிரிவு ஆள், கழுத்தில் அளவு நாடாவோடு மூச்சிரைக்க வந்து நின்றார்.

"அக்கா, எங்க போறீங்க? அளவு எடுக்கணும்."

"எதுக்கு? அதான் கழட்டிக் குடுத்தாச்சே!"

"அது இல்லக்கா. ஜெயிலர் உடுப்பு ஒண்ணு, வார்டன் உடுப்பு ஒண்ணு, ஜட்ஜ் கோட்டு ஒண்ணு. யாருக்கு எதுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்கணுமாம். காலையிலேர்ந்து அந்தம்மா டைரக்டரோட ஒரே சண்டை. நீங்க கேட்டுட்டு வந்தப்புறம்தான் மனுஷன் வழிக்கு வந்தாரு."

"சண்டையா? என்னன்னு?"

"'நிஜத்துல போட்டுத் தொலைச்ச உடுப்பைப் படத்துக்காக மறுபடி அவங்களுக்கு மாட்டாதீங்க. அவங்க அதிகாரியா நிக்கட்டும், அவங்க முன்னாடி நான் கைகட்டி நிக்கறேன். முடியாதுன்னா வேற கதாநாயகியைப் பாருங்க'ன்னு!"