ஒருத்தி மேலே, ஒருத்தி கீழே

"ரெண்டு பொம்பளைங்க மாவரைச்சிக்கிட்டு இருப்பாங்களாம் அண்ணி. திடீர்னு ஒருத்திய மட்டும் ஆண்டவர் மேல எடுத்துக்குவாராம். இன்னொருத்தி இங்கயே நிப்பாளாம்" என்றாள் ஜெர்லின்.

கிரைண்டரில் உளுந்தைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த ரோசா நிமிர்ந்தாள்.

"இந்த வீட்டுல அந்த இன்னொருத்தி நான்தானே?"

"நான் சொல்லல, எங்க பாஸ்டர் சொல்றாரு. உலக ஆசைய விடாதவங்கள கூட்டிக்கிட்டுப் போக மாட்டாராம்."

"சரி, நீ கிளம்பு. நான் மாவ வழிச்சி வச்சிட்டு, உன் புருசனுக்கு ரெண்டு தோசை ஊத்திக் குடுத்துடறேன்."

ஜெர்லினுக்குச் சிரிப்பு வரவில்லை.

ரோசா அவள் கணவனின் அக்கா. கல்யாணமே வேண்டாமென்று தம்பி சகாயநாதனை வளர்த்து ஆளாக்கியவள். குடும்பமே பரம்பரைக் கத்தோலிக்கம். ஜெர்லின் மட்டும் இரண்டு வருடமாக ரெட்டியார்பாளையத்தில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறாள். நகையைக் கழற்றிவிட்டாள், பூ வைப்பதில்லை, சீரியல் பார்ப்பதில்லை.

கிறிஸ்துவின் வருகை எந்த நிமிடமும் நடக்கலாம், அவருடையவர்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்துபோவார்கள், உடுத்திய துணி மட்டும் விழுந்து கிடக்கும் என்று சபையில் கேட்டதிலிருந்து அவளுக்கு ஒரே பயம். தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டால்?

ரோசாவுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. கையில் செபமாலை, தலையில் மல்லிகை. ஒரு சீரியல் விடமாட்டாள். ஆடி மாதம் வந்தால் மாரியம்மன் கோயில் கூழ் வேறு.

"சாமிக்குப் படைச்சத குடிக்கலாமா அண்ணி?"

"பக்கத்து வீட்டுத் தனக்கொடி ஆசையா கொண்டாந்து குடுக்கறா. மூஞ்சில அடிச்ச மாதிரி வேணாம்னு சொல்லச் சொல்றியா?"

சகாயநாதன் இதில் வாயே திறப்பதில்லை. ஞாயிறு காலை அக்காவோடு பூசை, மாலையில் மனைவியோடு சபை. இரண்டு பஸ்ஸிலும் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தான்.

தினமும் படுக்கப்போகும் முன் ஜெர்லின் சத்தமாகவே செபிப்பாள்: "ஆண்டவரே, அண்ணி மனசும் மாறணும்."

"ஆமென்" என்று அடுத்த அறையிலிருந்து ரோசாவின் குரல் வரும்.

அந்த வெள்ளிக்கிழமை காலை காய் வாங்கிக்கொண்டு ஜெர்லின் திரும்பியபோது, வாசற்கதவு விரியத் திறந்து கிடந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து, பாத்திரம் கருகிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அணைத்தாள்.

"அண்ணி!"

பதில் இல்லை. பின்பக்கம் பார்த்தாள், குளியலறையைப் பார்த்தாள். ஆள் இல்லை. ரோசாவின் செருப்பு வாசலிலேயே இருந்தது. போன் செய்தாள். டிவி பக்கத்திலிருந்து மணி அடித்தது.

அப்போதுதான் ரோசாவின் அறைக்குள் பார்வை போனது.

காலைப் பூசைக்கு அவள் உடுத்திப்போன நீலப் புடவை, நடுத்தரையில் அப்படியே வட்டமாக விழுந்து கிடந்தது. மேலே மூக்குக் கண்ணாடி.

ஜெர்லின் உடனே பாஸ்டர் எண்ணை அழுத்தினாள்.

"ஸ்தோத்திரம் சிஸ்டர், சொல்லுங்க" என்றார் அவர், முதல் மணியிலேயே எடுத்து.

ஜெர்லின் போனை வைத்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து, தெருவே கேட்கும்படி ஓவென்று அழுதாள்.

"என்னடி ஆச்சி? தம்பிக்கு ஏதாவதா?"

நிமிர்ந்து பார்த்தால் ரோசா. நைட்டிமேல் ஒரு துண்டு, வெறுங்கால், மேல்மூச்சு கீழ்மூச்சு.

ஜெர்லின் பாய்ந்து போய்க் கட்டிக்கொண்டாள். விடவே இல்லை.

"விடுடி, மூச்சு முட்டுது. தனக்கொடி பொண்ணு கலைமகளுக்கு வலி எடுத்துடுச்சி. பூசைக்குப் போயிட்டு வந்து, பால அடுப்புல வச்சிட்டு, பொடவைய உருவிப் போட்டு நைட்டி மாட்டறேன், அலறல் கேட்டுச்சி. போட்டது போட்டபடி ஓடினேன். மெயின் ரோட்டுல ஆட்டோவ மறிச்சி, அம்மாவும் பொண்ணுமா கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு ஏத்தி அனுப்பிட்டு வர்றேன். அய்யோ, பாலு!"

"அணைச்சிட்டேன்."

"அப்புறம் எதுக்குடி இந்த அழுகை?"

"வருகை வந்துடுச்சின்னு நெனச்சிட்டேன் அண்ணி. என்ன மட்டும் இங்கயே விட்டுட்டாங்கன்னு..."

ரோசாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துண்டால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"பைத்தியம்! உங்க பாஸ்டருக்கு ஒரு போனப் போட்டிருந்தா தெரிஞ்சிருக்குமே?"

"போட்டேன்."

"எடுக்கலையா?"

"எடுத்தாரு."

"அப்புறம் என்னடி? அவரே இங்க இருக்கும்போது வருகை எப்படி வந்திருக்கும்?"

ஜெர்லின் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சொன்னாள்:

"அவரு இருந்தாரு அண்ணி. உங்களத்தான் காணோம்!"