பதினொரு ஊசி

ஸ்கேன் ஊசி மருந்திலுள்ள உலோகம் எலும்பில் தங்கிவிடும்; அந்த அளவு நூறைத் தாண்டியவர்களுக்கு இனி ஊசி கிடையாது என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள். ஊசி போடாமல் எடுத்தால் மூளைக் கட்டி படத்தில் தெரியாது. சேசடியானுக்கு வேறொரு மையத்தில் ஏற்கனவே பதினொரு ஊசி போட்டிருந்தார்கள். பதினொரு அறிக்கையிலும் ‘கட்டி இல்லை’ என்றே இருந்தது. ஆனால் இந்த மாதம் தலைவலி திரும்பிவிட்டது.

டெக்னீஷியன் வசுமதி அளவுமானியை அவர் முழங்காலில் வைத்தாள்.

“மாதாவே, நூறுக்குள்ள நிக்கணும்,” என்றாள் மனைவி பிரிசில்லா.

“மீனுக்குக்கூட இப்பிடி எடை பாக்க மாட்டாவ,” என்றார் அவர்.

திரையில் பூஜ்யம் வந்தது. வசுமதி மறுகாலில் வைத்துப் பார்த்தாள். அதிலும் பூஜ்யம். கருவியில்தான் கோளாறு என்று நினைத்துத் தன் காலில் வைத்தாள். ஒன்பது காட்டியது. போன வருடம் அவள் போட்டுக்கொண்டது ஒரே ஓர் ஊசி.

“எவ்வளவும்மா?”

“ஒண்ணுமே இல்லக்கா.”

பிரிசில்லா சிலுவை போட்டுக்கொண்டாள். “பாத்தியளா, பதினொண்ணு போட்டும் ஒடம்புல ஒட்டல.”

சேசடியான் சிரிக்கவில்லை. “அப்ப அங்க எனக்கு என்னத்தம்மா போட்டாவ?”

வசுமதி அவர்கள் கொண்டுவந்திருந்த பதினொரு அறிக்கைகளையும் மேசையின் ஓரத்துக்குத் தள்ளினாள்.

“கைய நீட்டுங்கண்ணே,” என்றாள்.