ஒரு பக்க மீசை

காளையின் மீசைக்கு இன்னும் அரை மணி நேரம்தான் ஆயுசு. அதுவும் இடது பக்கத்துக்கு மட்டும்.

மதுரை ஸ்டேஷன் முதல் பிளாட்பாரத்தில், சவரக்கத்தியைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு சலூன்காரர் சிவனாண்டி தயாராக நின்றார். அவரைக் கூட்டி வந்தவன் மொக்கைச்சாமி.

"என்ன மாப்ள, இப்பவே எடுத்துருவமா?"

"ரயிலு வரட்டும். சொன்ன சொல்லுல நிப்பான் இந்தக் காளை."

சொன்னானே தவிர, காளையின் கை மீசையின் இடது பக்கத்தை விடவே இல்லை.

இரண்டு பேரும் கப்பலூரில் ஒரே பட்டறையில் லேத் ஓட்டுகிறவர்கள். வில்லாபுரத்தில் ஒரே தெரு. கட்சிதான் வேறு வேறு.

காளையின் கட்சி எம்.பி. வெள்ளைத்துரை. எம்.ஏ. படித்தவர். இங்கிலீஷில் பொளந்து கட்டுவார். மொக்கைச்சாமியின் கட்சி எம்.பி. சின்னான். பக்கத்துத் தொகுதிக்காரர். ஐந்தாம் வகுப்போடு வயலுக்குப் போய், கூலிக்கு நாற்று சுமந்தவர்.

ஜெனீவாவில் உலக நாடாளுமன்றங்களின் மாநாடு. இந்தியாவிலிருந்து போன எம்.பி.க்கள் குழுவில் இருவருக்குமே இடம் கிடைத்தது. அன்றைக்கு டீக்கடையில் காளைக்குத் தலைகால் புரியவில்லை.

"எங்க அண்ணன் பேசுற பேச்சுல வெள்ளைக்காரன் வாயப் பொளப்பான். ஒங்க ஆளு என்ன செய்வாரு? எந்திரிச்சு ஒரு கும்பிடு போட்டுட்டு ஒக்காருவாரு. அவரு பேசி, எங்க அண்ணன் பேசாம வந்துட்டா, ஸ்டேஷன்ல வச்சு ஒரு பக்க மீசைய எடுத்துக்கிறேன்டா!"

கேட்க வேண்டுமா? டீக்கடையே சாட்சி.

பத்து நாள் கழித்துப் பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தது: 'ஜெனீவாவில் சின்னான் எம்.பி. தமிழில் முழக்கம். எழுந்து நின்று கைதட்டிய உலக நாடுகள்.'

"ஊருக்குச் சோறு போடுறவன் வீட்டில் உலை கொதிக்கவில்லை என்றால், அந்த ஊருக்குச் சட்டம் எதற்கு?" என்று கேட்டாராம்.

"தமிழ்ல பேசுனா வெள்ளைக்காரனுக்கு எப்படிடா புரியும்?" என்று மடக்கினான் காளை.

"அதுக்குத்தான் காதுல மிசின் மாட்டியிருப்பாங்களாம். நம்ம எந்தப் பாஷையில பேசுனாலும், அது அவங்க பாஷையில மாத்திச் சொல்லிருமாம்!"

டீக்கடை மொத்தமும் அதை நம்பியது. காளையும் நம்பினான்.

வெள்ளைத்துரையின் பெயரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினான். நாலாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. குழுவோடு பக்கத்து நாட்டுக்கு நல்லெண்ணப் பயணம் போனாராம், அரசு விருந்தில் கலந்துகொண்டாராம். பேச்சு? மூச்சு இல்லை. அன்றைக்குக் காளைக்குச் சோறு இறங்கவில்லை. மீசை போவதுகூடப் பெரிதில்லை. தான் நெஞ்சில் வைத்திருந்த மனிதர் இப்படி விருந்து தின்றுவிட்டு வருகிறாரே என்றுதான் மனசு ஆறவில்லை.

பாண்டியன் எக்ஸ்பிரஸ் வந்து நின்றது. ஒரு பக்கம் தவில், வெடி, பெண்களின் குலவை. சின்னானை ஆளுயர மாலை மூடிவிட்டது. அவருக்குப் பின்னால், பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கினார் வெள்ளைத்துரை. அவர் பக்கம் பன்னிரண்டே பேர்.

காளை முன்னால் போனான்.

"அம்புட்டுத் தூரம் போயி, ஒரு வார்த்தை பேசிருக்கலாமேண்ணே..."

"தொண்டை கட்டிருச்சுப்பா, காளை" என்று சிரித்தார் வெள்ளைத்துரை.

காளை நேரே சிவனாண்டி முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"எடுங்கண்ணே."

விசில் பறந்தது. சத்தம் கேட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு சின்னானே வந்துவிட்டார்.

"என்னடா நடக்குது இங்க?"

மொக்கைச்சாமி பெருமையாகப் பந்தயக் கதையைச் சொன்னான். சின்னான் சட்டென்று சிவனாண்டியின் கையைப் பிடித்தார்.

"கத்திய மடக்குங்க. ஏண்டா மொக்கை, நான் பேசுனது தமிழு. அது அம்புட்டுப் பேருக்கும் எப்படிடா புரிஞ்சுச்சு?"

"அதான் மிசினு..."

"மிசினா? அது வெறும் ஒயருடா! அந்த ஒயரோட அடுத்த முனையில, கண்ணாடி ரூமுக்குள்ள இருந்து, நான் சொல்லச் சொல்ல இங்கிலீஷ்ல சொன்னது யாருங்கிற? இந்தா நிக்கிறாரே, இவருதான்! எங்க ஆத்தா பட்டினி கிடந்ததச் சொல்றப்ப எனக்குத் தொண்டை அடைச்சுச்சு. இவரு அழுதுக்கிட்டே சொல்லி முடிச்சாரு. எல்லா நாட்டுக்காரனும் எந்திரிச்சுக் கைதட்டுனது இவரு குரலக் கேட்டுத்தான்!"

"அண்ணே, இத எதுக்கு இங்க போயி..." என்று வெள்ளைத்துரை கூசிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டார்.

காளை எழுந்த வேகத்தில் துண்டு பறந்தது. "எங்க அண்ணன் பேசிட்டாருடா!" அவன் போட்ட கூச்சலில் எஞ்சின் சத்தம் அமுங்கியது. கண்ணில் தண்ணீர், கை மீசையில். தவில்காரர் எந்தக் கட்சி என்று பார்க்காமல் விளாச, பெண்கள் இன்னொரு குலவை போட்டார்கள்.

மொக்கைச்சாமி மட்டும் விடவில்லை.

"அதெல்லாஞ் சரிண்ணே. ஒங்க பேச்ச மாத்தித்தான சொன்னாரு? சொந்தமாப் பேசுறதுக்கு இவருக்கு அங்க பத்து நிமிஷங்கூடக் குடுக்கலேல்ல?"

சின்னான் தன் மாலையைக் கழற்றி வெள்ளைத்துரையின் கழுத்தில் போட்டார்.

"குடுத்தாங்கடா. எனக்குத்தான் குடுக்கல. 'நான் படிச்சதச் சொல்றதவிட நீங்க பட்டதச் சொல்லுங்கண்ணே'ன்னு அந்தப் பத்து நிமிஷத்தையும் என்கிட்டக் குடுத்துட்டு, கண்ணாடி ரூமுக்குள்ள போயி ஒக்காந்துக்கிட்டாரு இந்த மனுசன்!"