மனஸ்தாபம்

பொன்மலைக் கோவிலில், பாவமன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் மரவலையில் நெற்றி பட முழந்தாளிட்டிருக்கிறாள் பிலோமினா. சன்னல் கண்ணாடி வழியே வரும் சாயங்கால வெயில் அவள் கைகளில் சிவப்பாய் ஒட்டியிருக்கிறது. பக்கத்து குவார்ட்டர்ஸ் அமலிக்கு வலிப்பு உண்டென்று மாப்பிள்ளை வீட்டுக்கு போன் போட்டுக் கல்யாணத்தை நிறுத்தியது தான்தான் என்று இப்போதுதான் சொல்லி முடித்திருக்கிறாள். அமலியின் அம்மாவோடு ஒரு குழாயடி மனஸ்தாபம், அவ்வளவுதான். "மனஸ்தாப மந்திரம் சொல்லவா சாமி?" வலைக்கு அப்பால் சாமியார் செருமுகிறார். "சொல்லும்மா. ஆனா அந்தப் பொண்ணுகிட்டயும் போய்ச் சொல்லணும்." செய்த பாவத்துக்கு மனம் வருந்தி, குழந்தையிலிருந்து சொல்லிவரும் அந்த மந்திரம் பாதியில் நின்றுபோகிறது. எப்படியோ முடித்துவிட்டு எழுந்து திரும்பினால், தள்ளி நிற்கும் வரிசையில் முதல் ஆளாக அமலி. முக்காடு நழுவ ஓடி வந்து கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்கிறாள். "முட்டி மரத்துப்போச்சா அத்தை? ஏன் இப்படி நடுங்குது?" பிலோமினா செபமாலையை உள்ளங்கைக்குள் சுருட்டிக்கொள்கிறாள். அமலி குரலைத் தாழ்த்துகிறாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. அந்த போனைப் பண்ணவங்க நாசமாப் போகணும்னு தினமும் சபிக்கிறேன் அத்தை. அதைத்தான் சாமிகிட்ட சொல்லப் போறேன்." நகரப் பார்த்தவளின் கையை பிலோமினா விடவில்லை. "அதைச் சொல்லாதடி. அது பாவமில்ல." அமலி நின்று அவள் முகத்தைப் பார்க்கிறாள். "ஏன் அத்தை?"