மேற்குச் சுவர்

அடுத்தவன் இடத்தில் கேட்டுவிட்டுக் கால் வைக்கிற பழக்கமெல்லாம் இப்போது யாருக்கு இருக்கிறது? மேற்குச் சுவரோரம் ஜன்னல் மட்டத்துக்கு வெய்க்கோ நியெமி நேற்று அணைத்து வைத்த பனியை இன்றைக்கும் யாரோ தோண்டிப் போட்டிருந்தார்கள். யாரோ என்ன யாரோ! பூட்ஸ் தடம் நேராகப் பக்கத்து வீட்டு ரோண்டாவின் கொல்லைக்குத்தான் போனது.

சுப்பீரியர் ஏரியிலிருந்து அடிக்கிற காற்று மரச்சுவரைத் துளைத்துக்கொண்டு வரும். சுவரோடு பனியை அணைத்து வைத்தால்தான் உள்ளே குளிர் அடங்கும். வெய்க்கோவின் அப்பா அப்படித்தான் செய்தார், கிழவராகிப் போன இவரும் அப்படித்தான் செய்கிறார். போன கோடையில் டெட்ராய்ட் நகரத்திலிருந்து குடிவந்தவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?

உள்ளே ஐலி கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் சுருண்டிருந்தாள். நன்றாக இருந்த மனைவி. இந்தப் பனிப்புயல் தொடங்கியதிலிருந்து எழுந்து காபி போடக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

“தல விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, வெய்க்கோ. வயித்தப் பொரட்டுது.”

“பொரட்டாம? அவ குடுத்த பாஸ்டியத் தின்னேல்ல? கறி ரொட்டிக்குள்ள கேரட்டப் போடுறவள நம்பலாமா?”

“அதத் தின்னு எத்தன நாளாச்சு! நீயும்தான் ரெண்டு தின்ன.”

“எனக்கும்தான் தல வலிக்குது. என்னத்தக் கலந்தாளோ.”

“கேரட்டுதான் கலந்தா.” ஐலி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. “ரொம்பக் குளிருதுப்பா.”

குளிராமல் என்ன செய்யும்? மகன் வந்து நல்ல விறகடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு கேஸ் ஹீட்டரை மாட்டிவிட்டுப் போயிருந்தான். அதை முழுசாகத் திருப்பி வைத்தும் அவளுக்கு நடுக்கம் நிற்கவில்லை. போதாததற்கு ரோண்டா வேறு சுவர்ப் பனியைத் தோண்டிப் போடுகிறாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாமென்றால் சாலையே கண்ணுக்குத் தெரியவில்லை. ஐலிக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்கிற நினைப்பு வந்ததும் வெய்க்கோ அதற்கு மேல் நினைக்காமல் ஷவலை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பனியை அள்ளி அள்ளிச் சுவரில் அப்பினார். கொஞ்ச நேரத்தில் அவருக்குத் தலைவலி விட்டுப்போனது. உடம்பு வளைந்து வேலை செய்தால் எந்த நோயும் நிற்காது என்று சொல்லிக்கொண்டார்.

பிறகு வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து பனிமேல் ஊற்றினார். ஊற்றிய உடனே அது கல்லாக இறுகியது. இப்போது தோண்டட்டும் பார்ப்போம்!

ரோண்டா அவள் வீட்டு வாசலிலிருந்து கைகளை ஆட்டி ஏதோ கத்தினாள். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. முன்பு அவள் பேச வந்தபோதும் கதவைச் சாத்தியவர்தான்; இப்போதும் கேட்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார். அவள் வந்து கதவைத் தட்டத் தட்ட, ரேடியோவைப் பெரிதாக வைத்தார்.

மத்தியானம் சூப்பைக் கையில் வாங்கிய ஐலி அப்படியே சரிந்தாள். கன்னத்தில் தட்டினார், கண் திறக்கவில்லை. போனை எடுக்கப் போனவருக்குக் கால் துவண்டது. தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் ஜன்னல் கண்ணாடி படீரென்று உடைந்து விழுந்தது. ஷவலோடு ரோண்டா!

“கொல்ல வந்துட்டியாடி?”

அவள் ஜன்னல் வழியாக ஏறிக் குதித்தாள். கதவைத் திறந்துபோட்டு, ஐலியைக் கக்கத்தில் கைகொடுத்துத் தரதரவென்று வாசலுக்கு இழுத்தாள். அடுத்து வந்து அவருடைய கோட்டுக் காலரையும் பிடித்தாள்.

“உசுருக்குப் போராடுறவளப் பனியில போடுறியே, நீ மனுஷிதானா?”

“கத்தாதீங்க மிஸ்டர் நியெமி, மூச்ச நல்லா இழுங்க! போன் பண்ணிட்டேன், ஆள் வருது.”

பனி அள்ளும் வண்டியை முன்னால் விட்டுக்கொண்டு ஊர்த் தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். ஐலியின் முகத்தில் ஆக்ஸிஜன் மூடியை வைத்துத் தங்கள் வண்டியில் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் விரல்கள் அசைந்தன, கண் திறந்தது.

தீயணைப்புக்காரர்களின் தலைவன் கார்ல், காற்றைச் சோதிக்கும் கருவியோடு வீட்டுக்குள் போய், போன வேகத்தில் திரும்பி வந்தான். “ரோண்டாவுக்கு ஒரு வார்த்த நன்றி சொல்லுங்க, வெய்க்கோ.”

“எதுக்கு? செவுத்துப் பனியத் தோண்டி என் பொண்டாட்டியக் குளுருல போட்டதுக்கா, ஜன்னல ஒடச்சதுக்கா? தெனம் களவாணி மாதிரி வந்து தோண்டுனவ இவ. இவமேல கேசு குடுக்கணும்.”

ரோண்டா வாயைத் திறந்தாள். அவளுக்கும் மூச்சு வாங்கியது. படியில் உட்கார்ந்தாள்.

கார்ல் கோடரியை எடுத்துக்கொண்டு மேற்குச் சுவர்ப் பக்கம் போனான். பனிக்கட்டி சில்லுச்சில்லாகத் தெறித்தது.

“ஒருத்தரும் என் செவுத்தத் தொட வேண்டாம்!” என்று வெய்க்கோ கத்தினார். அவன் நிறுத்தவில்லை. ‘எல்லாரும் ஒரே கூட்டம்’ என்று முணுமுணுத்தபடி ஐலி இருந்த வண்டியை நோக்கி நடந்தார்.

“வெய்க்கோ, ஹீட்டர் புகை வெளிய வர்ற குழாய் இங்க இருக்கு! இத அடச்சா வெஷப் புகை வீட்டுக்குள்ளயேதான் நிக்கும்!”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“தெனம் இதத் தெறந்துவிட்டது அவ. மூடுனது நீங்க!”