இருபத்தேழு பிள்ளைகளின் தகப்பன்

"ஒரு ஆளுக்கு இருபத்தேழு புள்ளைங்களா?"

ரஜனி கணினியை உற்றுப் பார்த்தாள். திரையில் ஒரே புள்ளி. அதிலிருந்து இருபத்தேழு கோடுகள். பெயர், பழனியாண்டி.

மூன்று மணிக்குப் பதிவாளர் வருகிறார். பிறப்புப் பத்திரம் இல்லாத நானூறு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளின் விண்ணப்பங்களை இந்தத் திரையில்தான் பார்ப்பார். ஒன்று கள்ளம் என்று தெரிந்தாலும் நானூறும் போய்விடும். மணி இரண்டேகால்.

அவர்கள் வேலைபார்த்த அந்த ஹட்டன் கந்தோருக்கு இணையம் வந்தே ஒரு வருடம்தான். ஒவ்வொரு விண்ணப்பமும் ஓர் இணையப் பக்கம். அவற்றை, ஆளுக்கொரு புள்ளி உறவுக்கொரு கோடு என்று, ஒரே வலையாக மாற்றும் விதிகளை எழுதியவள் ரஜனி. அடையாள அட்டை இலக்கம் ஒன்றாக இருந்தால் இரண்டு புள்ளியும் ஒன்றாகிவிடும். விதியில்தான் பிழையோ என்று இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தாள். பிழை இல்லை. பக்கங்களே அப்படித்தான் இருந்தன.

அவற்றைத் தட்டச்சு செய்தவள் மீனம்மா. முன்பு தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவள். அக்கரப்பத்தனையில் லயம் லயமாய், ஒவ்வொரு வீட்டு வரிசைக்கும் போய் விபரம் எடுத்து வந்தவளும் அவள்தான்.

"அக்கா, யாரு இந்தப் பழனியாண்டி?"

மீனம்மா எழுந்து நின்றாள். "என் வீட்டுக்காரருங்க மிஸ். செத்து ஆறு வருசமாச்சு."

ரஜனி நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள். "செத்தவர் பேர்ல கள்ளப் பதிவா? நம்மள நம்பி நானூறு குடும்பம் இருக்குக்கா."

"திங்கக்கெழம நீங்க ஓட்டிப் பாத்தீங்களே, அப்ப இந்த இருபத்தேழும் காணாமப் போயிருச்சுங்க. எல்லாம் தகப்பன் பேரு இல்லாத புள்ளைங்க. அதான் அவரு பேரப் போட்டேன்."

ரஜனி விதிகளைத் திறந்தாள். ஐந்தாவது விதி: தகப்பனோடு கோடு இல்லாத பிள்ளையை நீக்கு. படம் துப்புரவாக இருக்கட்டும் என்று அவளே எழுதியது. அன்று யார் யார் விழுந்தார்கள் என்று அவள் பார்க்கவேயில்லை.

அந்த விதியை அழித்தாள். தாயோடு ஒரு கோடு இருந்தாலே போதும் என்று மாற்றி எழுதினாள். மணி இரண்டு நாற்பது.

"இனி தகப்பன் பேரு இல்லாட்டியும் புள்ளைங்க நிக்கும்க்கா. அவரு பேர மட்டும் எடுத்துருங்க."

மீனம்மா உட்கார்ந்து பக்கம் பக்கமாக அழித்தாள். கோடுகள் குறைந்துகொண்டே வந்தன. கடைசிப் பக்கத்தில் கை நின்றது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லங்க மிஸ். எங்களுக்குப் புள்ளயே பொறக்கல. இந்த நாலு நாளுதான் அவரு தகப்பனா இருந்தாரு."