நான்கும் பதினாறும்

மகன் சைதன்யா பழைய கிராஃபிக்ஸ் கார்டைக் கணினியிலிருந்து உருவி, விரித்திருந்த செய்தித்தாளின்மேல் வைத்தான்.

அதனருகே புதியது, உறை பிரியாமல், இரண்டு மடங்கு பருமனாகக் கிடந்தது.

என் கணவர் ஸ்ரீனிவாசராகவன் வங்கி ஆய்வாளராக ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதாமல் அவரால் நம்ப இயலாது. ஒரு வாரமாகச் சாந்தினி மார்க்கெட்டின் கணினிக் கடைகளில் ஏறி இறங்கி எழுதிவந்த தாளை என் முன் விரித்தார்.

பழையது: நினைவகம் நான்கு ஜிபி, கணிக்கும் கருக்கள் எண்ணூற்றுத் தொண்ணூற்றாறு. புதியது: பதினாறு ஜிபி; கருக்கள் நாலாயிரத்து அறுநூற்றெட்டு.

தரவு செல்லும் பாதையின் அகலம் மட்டும் இரண்டிலும் நூற்றிருபத்தெட்டு பிட். அவ்வரியில் சிவப்பு மையால் கேள்விக்குறி இட்டிருந்தார். அகலம் ஒன்றே ஆயினும் புதியதில் ஓட்டம் மூன்றரை மடங்கு என்று மகன் விளக்கிய பிறகே அதை அடித்தார்.

இத்தனையும் என் குரலுக்காக.

பங்குனியில் என் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். நோய் இன்னதென்று தெரியுமுன்பே ஓராண்டாகக் குரல் கம்மிக் கிடந்தது. நல்ல குரலில் மிஞ்சியவை ஒன்பது கேசட்டுகள் மட்டுமே. லேக் மார்க்கெட்டை அடுத்த பஜனைக் கூடத்தில் எங்கள் பெண்கள் கோஷ்டி மார்கழிதோறும் பாசுரம் சொன்னதை இவரே பதிவு செய்தவை.

சைதன்யா அவற்றைக் கணினிக்கு ஊட்டினான். நான் எழுத்துகளைத் தட்டினால் அது என் குரலில் பேசும் என்றான். பாசுரமும் சொல்லும் என்றான்.

கீழ்வீட்டு வங்காளி மாஷிமா வாங்கித் தந்த சிலேட்டில் எழுதியே நான்கு மாதங்களைக் கழித்திருந்தேன். ஒரு சொல்லை எழுதி முடிப்பதற்குள் அடுப்பில் கடுகு கருகிவிடும். அதைக்கூடப் பொறுத்தேன். பெருமாள் முன் உதடுகளை மட்டும் அசைத்து நிற்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இயந்திரம் சொன்னால் அது சேவையாகுமா என்று இவர் முதலில் ஐயுற்றார். குரல் என்னுடையதானால் ஆகும் என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். பிறர் கொய்த மலரைத் தன் மலரென்று சாத்துவது எனக்கு ஒவ்வாது.

பழைய கார்டில் அது பேசத்தான் செய்தது. ஒரு வாக்கியத்துக்குப் பதினொரு விநாடி எடுத்துக்கொண்டது. வந்த குரலும் ஈரத்துணியில் வடிகட்டியது போலிருந்தது. பெண் குரல் என்று தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை.

குறை கார்டினுடையது என்றான் மகன். நான்கு ஜிபிக்குள் குரலைக் கற்றுப் பேசும் நிரலின் சிறிய மாதிரியே அடங்கும். பதினாறு இருந்தால் பெரியதை ஏற்றலாம், குரலின் ஒவ்வோர் இழையும் வந்துவிடும்.

எஞ்சிய அந்தப் பன்னிரண்டு ஜிபியில்தான் நான் இருக்கிறேன் என்று நம்பினேன்.

புதிய கார்டைச் செருகித் திருகினான். விசிறிகள் சுழன்றன. கீழே ஓர் ஆட்டோக்காரர் கடியாஹாட், கடியாஹாட் என்று சவாரிக்குக் கூவிக்கொண்டிருந்தார்.

"ஏதாவது அடிம்மா. அப்பாவைத் திட்டணும்னாலும் சரி."

"திட்டட்டுமே. நாலு மாசமா இந்த ஆத்துல திட்டே விழலை. எனக்குச் சோறே எறங்கலைடா," என்றார் இவர்.

எளிய ஒன்றையே தட்டினேன்: 'மழை வரும்போல் இருக்கிறது. மாடியில் துணி காய்கிறது.'

விசையிலிருந்து விரலை எடுக்குமுன் குரல் வந்தது.

கரகரப்பு இல்லை. மூச்சும் எச்சிலும் தெரியும் குரல். அறைக்குள் ஒருத்தி நின்று பேசுவது போன்ற குரல்.

இவர் நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அவளேதான்டா! மால்டா, சிலிகுரின்னு டூர் போன எடத்துலெல்லாம் விடியக்காலை இந்தக் கேசட்டைப் போட்டுண்டுதானே எழுந்திருப்பேன்? என் ஆம்படையா குரல் எனக்குத் தெரியாதா?"

மகன் தந்தையின் தோளில் கைவைத்தான். பள்ளி முடிந்ததும் விடுதிக்குப் போனவன் அவன்; என் குரலைப் போனில்தான் அதிகம் கேட்டவன். தந்தையின் கண்ணீரைக் கண்டே அவனும் கண் கலங்கினான்.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

'காய்கிறது' என்னும் சொல் முடியுமுன் அந்தக் குரல் நடுவே ஒரு மூச்சு எடுத்திருந்தது.

சீர் முடியுமுன் மூச்செடுக்கலாகாது என்று இருபது மார்கழிகள் நான் கடிந்துகொண்டது கோமளவல்லியை. கோஷ்டியில் எனக்கு வலப்புறம், மைக்குக்கு நேராக அமர்பவள். வெண்கலத் தொண்டை. அவள் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

அவள் ஓங்கிச் சொல்வாள். நான் தணிந்து சொல்வேன். அவள் மூச்சு வாங்கும்போது பாசுரம் அறுந்துவிடலாகாதே என்று அந்த ஓர் அசையை மட்டும் உயர்த்தி நிரப்புவேன். ஒன்பது கேசட்டுகளிலும் நான் இருப்பது அவ்வளவே.

ஓங்கிய குரலை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை இரைச்சலென்று கணினி கழித்திருக்கும்.

இவர் ஒலிபெருக்கியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அதைப் பார்த்தபடியே என்னைக் கேட்டார்.

"ஏண்டி, உன் குரல் உனக்கே அடையாளம் தெரியறதோ?"

விசைப்பலகையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பிறகு தட்டினேன்: 'தெரிகிறது. என் குரல்தான்.'

கோமளவல்லி அதை உடனே சொன்னாள்.